நீலகிரியில் ஆர்.சி. விமானம் பறக்கவிடப் போகிறீர்களா? வாங்கும் முன் படியுங்கள்

ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் இயக்கும் மாதிரி விமானம், பறக்கவிடுவது பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி சமவெளிக்காரர்கள் எழுதியவை. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, கனமான காற்று, விழுந்தால் நடந்துபோய் எடுத்துவர வசதி. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் இந்த மூன்றுமே கிடையாது. அந்தக் குறிப்புகளை நம்பி முதலில் விமானத்தை வாங்கிவிட்டு, எங்கே பறக்கவிடுவது என்று பிறகு தேடுபவர்களின் விமானங்கள் பரண்மேல் தூங்குகின்றன.

முறைப்படி கேட்டுத்தான் பறக்கவிடுவது என்று நான் கிளம்பியபோது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த அலுவலகமோ முதல் அலுவலகத்தையே திரும்பக் காட்டியது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன். இறக்கை வைத்த விமானத்தை முதன்முதலாக வாங்க நினைப்பவருக்கானது இது. நான்கு விசிறி ட்ரோன் வைத்திருப்பவருக்கும் முதல் மூன்று பகுதிகள் அப்படியே பொருந்தும். ஓட்டக் கற்றுக்கொள்வது இங்கே பெரிய விஷயமே இல்லை. இடம் பிடிப்பதுதான் பெரிய விஷயம். ஆகவே வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. எடையை முடிவு செய்யுங்கள்

‘இது பொம்மை விமானம்தானே’ என்ற பேச்சு சட்டத்திடம் எடுபடாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் எடையை வைத்தே பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறிய வகை. எடை என்றால் பேட்டரி, கேமரா எல்லாம் ஏற்றிய பிறகு தராசு காட்டும் எடை. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அல்ல. காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே போதும்.

புதியவர் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பைலட் சான்றிதழ் வரை போக வேண்டியிருக்கும். என் பரிந்துரை: இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்ட, இறக்கையின் நுனியிலிருந்து நுனி வரை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள, 700 கிராம் முதல் 1.2 கிலோ வரையிலான ஃபோம் விமானம். பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். 250 கிராமுக்குள் வாங்கினால் காகித வேலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் மலைக்காற்றில் அது காகிதம் மாதிரியே பறக்கும். நான்கு பக்கமும் மறைவுள்ள மைதானம் கைவசம் இருந்தால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள்.

2. காகிதங்கள்

பதிவு: மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டி.ஜி.சி.ஏ.) இணையதளம் வழியாக விமானத்தைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். படிவத்தின் பெயர் டி-2. கட்டணம் 100 ரூபாய். கைப்பேசி எண், மின்னஞ்சல், அரசு அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். சான்றுகளில் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஒன்றுபோல இருக்கட்டும். நம் ஊரில் விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த முதலெழுத்துச் சண்டையால்தான்.

வகைச் சான்றிதழ்: தயாரிப்பாளர்கள் வாங்க வேண்டிய சான்றிதழ் இது. 25 கிலோவுக்கு மிகாத, கண்பார்வைக்குள் மட்டும் ஓட்டுகிற, கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும் பயன்படுகிற மாதிரி விமானங்களுக்கு இது தேவையில்லை என்று விதியே சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சான்றிதழ் எங்கே’ என்று கேட்பவர் எந்தச் சான்றிதழைக் கேட்கிறார் என்பது பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

பைலட் சான்றிதழ்: நானோவுக்குத் தேவையில்லை. மைக்ரோவுக்கும், வணிக நோக்கம் இல்லாதவரை தேவையில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விமானத்தில் கேமராவைக் கட்டி, தெரிந்தவரின் ரிசார்ட்டையோ கல்யாணத்தையோ படமெடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது வணிகம். கூச்சப்பட்டு ‘பெட்ரோல் காசு’ என்று வாங்கினாலும் வணிகம்தான். அந்தப் பாதையில் போக விரும்பினால் 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படிக்க வேண்டும். பாஸ்போர்ட் கட்டாயம் என்று இருந்த விதி 2023 திருத்தத்தில் நீங்கிவிட்டது.

காப்பீடு: 250 கிராமுக்கு மேல் எதுவானாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முகவரிடம் கேட்டால் விமானம் உடைந்தால் பணம் தரும் பாலிசியைத்தான் முதலில் நீட்டுவார். நமக்கு வேண்டியது அது அல்ல. நம் விமானத்தால் இன்னொருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஈடு தரும் பாலிசி. ‘மூன்றாம் நபர் பொறுப்பு’ என்ற வரி பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ரேடியோ: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரிமோட்டுக்குத் தனி உரிமம் வேண்டாம். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் செட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். துபாயிலிருந்து வரும் மாமாவிடம் ‘அப்படியே ஒரு ட்ரோன்’ என்றும் சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. மாமாவும் பெட்டியும் சுங்கத்தில் நிற்க வேண்டிவரும். உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விமானத்தின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நூறு ரூபாய்ப் பதிவு கசக்காது.

கடைசியாக, எந்தத் தளத்திலும் சொல்லாத ஒரு காகிதம்: உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். பெயர், முகவரி, கைப்பேசி எண், விமானத்தின் எடை, அடையாள எண், பறக்கவிடும் இடம், நாள், நேரம், இட உரிமையாளரின் ஒப்புதல் கடித நகல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘அனுமதி வேண்டி’ என்று எழுதினால் யார் அனுமதி தருவது என்ற கேள்வியில் கடிதம் மேசையிலேயே தங்கிவிடும். ‘தங்கள் கனிவான தகவலுக்காக’ என்று எழுதுங்கள். ஒரு வாரம் முன்பே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது புகார் சொல்லி ஜீப் வரும்போது அந்த முத்திரைதான் உங்களுக்காகப் பேசும்.

எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து வைத்திருங்கள். பள்ளத்தாக்கில் கைப்பேசியைத் திறந்து காட்டலாம் என்று நினைத்தால் அங்கே சிக்னல் இருக்காது.

3. இடம்

முதல் வேலை, டிஜிட்டல் ஸ்கை என்ற மத்திய அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடத்தின் நிறத்தைப் பார்ப்பது. பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. புதியவருக்கு அதன் பொருள் ‘வேண்டாம்’. வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் பச்சையாக இருந்ததே என்று போகாமல், கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். முக்கியப் பிரமுகர் வருகையின்போது தற்காலிகச் சிவப்பு வளையம் போடுவார்கள். ஊட்டியில் ஆளுநர் மாளிகை இருக்கிறது, வெலிங்டனுக்குப் பெரிய விருந்தினர்கள் வருவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

விமான நிலையங்களைச் சுற்றிய 12 கிலோமீட்டர் கட்டுப்பாட்டு வளையம் நம் மலைமேல் வருவதில்லை. அதனால் மாவட்டமே நம்முடையது என்று நினைத்துவிட வேண்டாம். வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கின்றன. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை. வரைபடம் என்ன நிறம் காட்டினாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ராணுவ ஹெலிகாப்டர்கள் பள்ளத்தாக்கில் தாழ்வாக வரும். சத்தம் மலையில் மோதி எதிரொலிப்பதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. சத்தம் கேட்ட உடனே விமானத்தைத் தாழ்த்தி இறக்கிவிடுங்கள். ஆள் ஏறிய விமானத்துக்கு வழிவிட வேண்டியது எப்போதும் நாம்தான்.

அடுத்தது காடு. புதியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதுமலையிலும் முக்குருத்தியிலும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் ஷூட்டிங் மட்டத்தைப் பார்த்ததும் கை அரிக்கும்: மரமில்லாத பசும்புல், அலையலையாக மேடு. அது வனத்துறையின் நிலம். வேலியோ பலகையோ கண்ணில் படவில்லை என்பதால் பொது இடம் ஆகிவிடாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குகளைத் தொந்தரவு செய்வதற்கும் தண்டனை உண்டு. விசிறிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் காட்டெருமைக் கூட்டத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர் எடுத்த வீடியோவே சாட்சி. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளை ஒட்டிய புல்வெளிகளும் அப்படித்தான். அங்கே கோயில் இருக்கும், எருமைகள் மேயும். கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

இவ்வளவும் கழித்த பிறகு மிஞ்சுவது பள்ளி, கல்லூரி மைதானங்கள், ஊராட்சி மைதானங்கள், தேயிலை எஸ்டேட்டுகளின் விளையாட்டுத் திடல்கள்.

பள்ளி மைதானத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ‘ஒரு சனிக்கிழமை மாணவர்களுக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்று செய்துகாட்டுகிறேன்’ என்று சொல்லுங்கள். கதவு தானாகத் திறக்கும். எஸ்டேட்டில் மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மேற்பார்வையாளர் ‘போங்க சார்’ என்று வாயால் சொன்னது மறுநாள் செல்லாது. கொழுந்து பறிப்பவர்கள் எந்தப் பகுதியில் வேலை செய்கிறார்கள் என்று அன்றன்று கேட்டு, அந்தப் பக்கம் பறக்கவிடாதீர்கள். தலைக்கு மேல் ஏதோ இரைந்தால் சரிவில் நிற்பவர் கால் இடறுவார்.

படுகர் ஊர்களான ஹட்டிகளின் மைதானம் ஊருக்குப் பொது. ஊராட்சி மன்றத்தில் கடிதம் கொடுப்பதோடு ஊர்ப் பெரியவர்களையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவே பெரிய அனுமதி. ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களிலும், ஊரில் சாவு விழுந்த நாளிலும் கேட்கவே கூடாது.

இடம் உறுதியானதும் விமானம் இல்லாமல் ஒருமுறை போய் நின்று பாருங்கள். குறைந்தது ஒரு கால்பந்து மைதான அளவு வேண்டும்; இறங்கும் திசையில் மரம் இருக்கக் கூடாது. பைக்காரா, குந்தா மின்நிலையங்களிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள் பள்ளத்தாக்கின் குறுக்கே போகின்றன. கோபுரம் ஒரு மேட்டில், அடுத்த கோபுரம் எதிர் மேட்டில். நடுவில் கம்பி இருப்பது வானத்தின் பின்னணியில் தெரியாது. இரண்டு கோபுரங்களையும் கண்டுபிடித்து, நடுவே மனத்துக்குள் ஒரு கோடு போடுங்கள்.

மலைக்கே உரிய இன்னொரு பொறி உயரக் கணக்கு. 120 மீட்டர் என்பது விமானத்துக்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. சரிவின் விளிம்பில் நின்றுகொண்டு விமானத்தை உங்கள் கண்மட்டத்திலேயே பள்ளத்தாக்கின் மேல் அனுப்பினால், தரை கீழே 300 மீட்டர் இறங்கியிருக்கும். உங்களுக்குத் தாழ்வாகத் தெரியும் விமானம் விதியை மீறி வெகு உயரத்தில் இருக்கும். விளிம்பிலிருந்து விலகி, மைதானத்துக்கு மேலேயே வட்டமடியுங்கள்.

4. செலவு

ரிசீவரோடு சேர்ந்த ஆறு சேனல் ரிமோட் சுமார் 5,000 ரூபாய். மூன்று செல், 2,200 மில்லியாம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று 2,000 ரூபாயை ஒட்டி, இரண்டு வாங்குங்கள். செல்களைச் சமமாக ஏற்றும் சார்ஜர் 2,000 முதல் 3,000. மோட்டார், தகடுகளை அசைக்கும் சர்வோ எல்லாம் பொருத்திய ஃபோம் விமானம் 8,000க்குக் கீழே நல்லதாகக் கிடைப்பது அரிது. ஃபோம் ஷீட் வாங்கி நீங்களே வெட்டி ஒட்டினால் பாதிக்கும் கீழே முடியும். உடைந்தாலும் மனம் உடையாது. உதிரி ப்ரொப்பெல்லர் நான்கைந்து, பசை, நார் டேப். மொத்தம் 20,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேமராவை முதல் வருடம் மறந்துவிடுங்கள்.

ஊட்டியில் இதற்கெல்லாம் கடை தேடி நடக்காதீர்கள். கோவையில் வாங்குங்கள் அல்லது இணையத்தில் வரவழையுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வருபவர் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் இல்லை, பஸ்ஸில் வந்தால் தேவையும் இல்லை. பிளாஸ்டிக் பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். உதிரி பாகங்களைத் துணிப்பையில் கட்டுங்கள்.

5. எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை காலை வேளைகள்தான் நம் மலையில் பறக்கவிட உகந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நடுவட்டம், அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் அடித்து நொறுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம். கோடை சீசனில் மைதானங்கள் வண்டி நிறுத்தும் இடமாகிவிடும். பிற்பகலில் இடிமழையும் வரும்.

ஒரு நாளுக்குள் பார்த்தால் பனி விலகியபின் ஏழரை மணியிலிருந்து பத்தரை வரை நேரம் நல்லது. வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று கீழிருந்து மேலே ஏறத் தொடங்கும். விமானம் காரணமில்லாமல் எகிறும், திடீரென்று அமிழும். மாலையில் இதற்கு நேர்மாறாகக் குளிர்காற்று சரிவில் வழிந்து இறங்கும். மேட்டின் பின்புறம், அதாவது காற்று தாண்டி வந்து விழும் பக்கம், எந்த நேரத்திலும் ஆபத்து. அங்கே காற்று சுருண்டு சுழலும். காற்றுமானி வாங்கக் காசில்லையென்றால் எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். இலைகள் புரண்டு வெள்ளி நிற அடிப்பக்கத்தைத் தொடர்ந்து காட்டினால் புதியவருக்கு அன்று விடுமுறை.

பனிமூட்டம் சொல்லிக்கொண்டு வராது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி மைதானத்தை மூட ஐந்து நிமிடம் போதும். மைதானத்தின் கோடியில் ஒரு மரத்தை அடையாளம் வையுங்கள். அது மங்கியதும் இறக்கிவிட வேண்டும். விமானம் மங்கும்வரை காத்திருந்தால் விமானம் இல்லை.

6. காற்று மெலிது என்பதை மறக்காதீர்கள்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இறக்கையைத் தாங்குவது அந்தக் காற்றுதான்; ப்ரொப்பெல்லர் பிடித்துத் தள்ளுவதும் அதே காற்றைத்தான். எனவே சமவெளியில் தாங்கிய வேகத்தில் இங்கே தாங்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வேகம் வேண்டும். இறங்கும்போது தரை விரைந்து வருவதைப் பார்த்துப் பயந்து எலிவேட்டரை, அதாவது மூக்கை உயர்த்தும் வால் தகட்டை, இழுக்காதீர்கள். இழுத்தால் வேகம் செத்து, ஒரு இறக்கை சாய்ந்து மூக்குக் குத்தும்.

உந்துவிசைக் குறைவை ஈடுகட்ட ஓர் அங்குலம் பெரிய ப்ரொப்பெல்லரைப் போடலாம். மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் தாங்கும் ஆம்பியருக்குள் இருக்கிறதா என்று வாட் மீட்டரில் பார்த்த பிறகு போடுங்கள். அதே ப்ரொப்பெல்லரோடு கோவைக்குப் போய்ப் பறக்கவிட்டால் மோட்டார் சூடாகிக் கருகும். எரிபொருள் எஞ்சின் வைத்திருப்பவர் ஊசியைச் சற்று மூடி எரிபொருளைக் குறைக்க வேண்டும். எடையைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தும் வழி. அலங்கார ஸ்டிக்கர், கனத்த சக்கரம், பொம்மை பைலட் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

7. பேட்டரி

லிப்போ ஒரு செல்லின் முழு மின்னழுத்தம் 4.2 வோல்ட். பறந்து இறங்கி ஓய்ந்தபின் 3.7க்குக் கீழே போயிருக்கக் கூடாது. குளிரில் இது ஏமாற்றும். டிசம்பர், ஜனவரிக் காலையில் புல்லில் உறைபனி இருக்கும்போது பெட்டியில் கிடந்த பேட்டரியைப் போட்டால், வீட்டில் எட்டு நிமிடம் ஓடியது இங்கே ஐந்தில் தளர்ந்துவிடும். ஸ்வெட்டருக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வைத்துச் சூடாக எடுத்துவாருங்கள்; மாட்டுவது கடைசி நிமிடத்தில். ரிமோட்டில் டைமர் வைத்து, ஐந்து நிமிடத்தில் இறக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் செய்யும்போது 2,200 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் கூடாது. மரத்தரை, மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் கூடவே கூடாது. மண் நிரப்பிய தகரத்துக்கு அருகில், சிமெண்ட் தரையில் வைத்து, நீங்களும் அங்கேயே இருங்கள். பொங்கிய பேட்டரிக்கு இரக்கம் காட்ட வேண்டாம். பறக்கவிட முடியாமல் மழையில் வாரக்கணக்கில் முடங்கினால் முழு சார்ஜில் விடாமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள்.

8. மைதானத்தில் சோதனை

முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு விமானத்தில் பேட்டரியை மாட்டுங்கள். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட். மாட்டியபிறகு ப்ரொப்பெல்லருக்கு முன்னால் விரல், துப்பட்டா, ஸ்வெட்டர் கயிறு எதுவும் வரக் கூடாது.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்கித் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளும்வரை பறக்கவிடாதீர்கள்.

விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்புறம் தள்ளுங்கள்: வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே எழ வேண்டும், இடது தாழ வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டர், அதாவது வாலின் செங்குத்துத் தகடு, வலம் என்றால் வலம். பழுது பார்த்துவிட்டுச் சர்வோ வயரைத் திருப்பி மாட்டியவர்கள் இந்த அரை நிமிடத்தைத் தவிர்த்ததால்தான் விமானத்தை இழந்திருக்கிறார்கள். சர்வோ கொம்பில் இருக்கும் சின்னத் திருகையும் தொட்டு ஆட்டிப் பாருங்கள்.

ஃபெயில்சேஃப், அதாவது தொடர்பு அறுந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் அமைப்பு: விமானத்தைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கும்போது ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் அமைப்பைச் சரிசெய்யாமல் பறக்கவிடக் கூடாது. அடுத்து, ரிமோட்டில் ரேஞ்ச் சோதனைக்கான குறைந்த சக்தி நிலை இருந்தால் அதில் வைத்து முப்பது தப்படி நடந்துபோய், எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மேட்டைத் துளைத்துப் போகாது; ஈரமான மரக்கூட்டமும் அதை விழுங்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் விமானம் மறைந்தால் தொடர்பும் மறையும்.

மைதானத்துக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமானம் இறங்கும் நேரத்தில் எல்லாரும் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். அதட்டினால் இரண்டு நிமிடம் நிற்கும். கூட்டத்தில் பெரிய பையனையோ பெண்ணையோ அழைத்து, ‘இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் வராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு, கடைசியில் நீதான் விமானத்தைத் தூக்கிக் கொண்டுவர வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். அதைவிடக் கறாரான காவலர் கிடைக்கமாட்டார்.

9. முதல் பறப்பு

அதற்கு முன் கணினியில் சிமுலேட்டர். ரிமோட்டை யு.எஸ்.பி. வயரில் இணைத்து ஓட்டலாம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அந்தக் குழப்பம் கையை விட்டுப் போகும்வரை ஓட்டுங்கள். மழைக்காலம் இதற்காகவே இருக்கிறது.

பறப்பு நாளில் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு மாதிரி விமானம் ஒரு பயிற்சிப் பாடம். அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அழைத்து வாருங்கள். இன்னொருவர் கண்காணிப்பாளர்: ஹெலிகாப்டர், பருந்து, ஆட்கள், பனி ஆகியவற்றை அவர் பார்க்கட்டும், உங்கள் கண் விமானத்தைவிட்டு அகலக் கூடாது. பருந்து வட்டமிட்டபடி நெருங்கினால் விரட்டி விளையாடாதீர்கள். வேகத்தைக் குறைக்காமல் தாழ்ந்து விலகி இறக்குங்கள்.

காற்றை எதிர்த்தே ஏற்றுங்கள், எதிர்த்தே இறக்குங்கள். முதலில் போதிய உயரம் போங்கள். உயரம் இருந்தால் தவறைத் திருத்த நேரம் இருக்கும். 50, 60 மீட்டருக்குள்ளேயே பெரிய வட்டங்களாகச் சுற்றுங்கள். உங்களுக்குப் பின்னால் விமானம் ஒருபோதும் போகக் கூடாது. சூரியனுக்கு நேராகவும் கொண்டுபோகக் கூடாது. மலையில் காலைச் சூரியன் மேட்டுக்கு மேல் திடீரென்று எட்டிப் பார்க்கும். குழம்பினால் ஸ்டிக்குகளை நடுவில் விட்டு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறையுங்கள். நல்ல பயிற்சி விமானம் தானே நிமிரும்.

சரிவுக் காற்றில் மோட்டார் இல்லாத கிளைடரை மிதக்கவிடும் ஆசை மலைக்காரர்களுக்கு வரும். வரட்டும், அடுத்த வருடம். அதில் மிதப்பது எளிது. இறக்க இடம் இருக்காது.

10. விழுந்துவிட்டால்

விழுந்த இடத்தை நோக்கி உடனே ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, விழுந்த திசையில் தொலைவில் ஓர் அடையாளத்தைக் கோடுபோல் பிடியுங்கள். கண்காணிப்பாளர் தன் இடத்திலிருந்து இன்னொரு கோடு பிடிக்கட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தேடுங்கள். தேயிலைச் செடிக்கூட்டத்தின் மேல்பரப்பு பச்சைப் பாய்போலத் தெரியும்; உள்ளே விழுந்தது இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. ரிசீவரில் முன்கூட்டியே ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டியிருந்தால் அந்தச் சத்தம் வழிகாட்டும்.

த்ராட்டிலைப் பூஜ்யத்தில் வைத்த பிறகே விமானத்தைத் தொட வேண்டும். தேயிலைக்குள் இறங்கும் முன் தோட்டத்து ஆட்களிடம் ‘காட்டெருமை நிற்கிறதா’ என்று கேளுங்கள்; படுத்திருந்தால் செடிக்கு மேல் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு தேட வேண்டாம். கரடி வரும் நேரம் அது. கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) மாட்டினால் ஏறாதீர்கள். கிளை வழுக்கும், முறியும். மின்கம்பியில் மாட்டினால் கொம்பு எடுக்காதீர்கள்; மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

உடைந்த ஃபோம் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், மாடுகள் தின்றுவிடும். அடிபட்ட லிப்போவை உடனே காரிலோ பையிலோ வைக்காமல், கல்லின் மேலோ வெறும் மண்ணிலோ ஒரு மணி நேரம் போட்டுத் தள்ளி நின்று கவனியுங்கள். வீங்காமல் சூடாகாமல் இருந்தாலும் மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டாலோ சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலோ முதலில் மருத்துவமனை. பிறகு இட உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல். 48 மணி நேரத்துக்குள் டி.ஜி.சி.ஏ.விடம் இணையம் வழியாக விபத்தைப் பதிவு செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். விழுந்த இடத்தையும் விமானத்தையும் அசைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈடு கேட்கும்போது முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.